எதற்காக எழுதுவது, யாருக்காக எழுதுவது: மோல்மேன் தம்பிக்குப் பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பர்மாவில், மோல்மேனில் பிறந்து வளர்ந்தவர். படிப்பு முழுக்கப் பர்மிய மொழியில். தமிழ், கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறை வகுப்பில் கற்றது. உங்கள் கொள்ளுத்தாத்தா 1942-ல் நடந்தே இந்தியாவுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு இங்கேயே தங்கிவிட்டார். அந்தக் குழந்தைதான் உங்கள் பாட்டி. இதை நாவலாக எழுத ஆரம்பித்து, சில பக்கங்களோடு நின்றுபோயிருக்கிறது. "எழுத்தாளன் ஆக வேண்டும் என்பது என் கனவு. ஆனால் இங்கே தமிழ் படிக்க ஆளில்லை, காசும் வராது, வீட்டில் சிரிக்கிறார்கள். பிறகு எதற்கு எழுத வேண்டும்? எழுதுகிறவனுக்கு எப்படிப்பட்ட மனது வேண்டும்?" என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்தாளன் ஆக வேண்டும் என்பது. இன்னொன்று, கொள்ளுப்பாட்டி ஏன் போகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது. முதல் ஆசையைப் பற்றி எழுதிய இடத்தில் உங்கள் வாக்கியங்கள் எல்லாரும் எழுதுகிற மாதிரி இருக்கின்றன. இரண்டாவதுக்கு வந்ததும் மாறிவிடுகின்றன. "அதைக் கேட்டால் மட்டும் பாட்டி எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை எழுதும்போது எழுத்தாளன் ஆவதைப் பற்றி நீங்கள் நினைத்திருக்கவே மாட்டீர்கள். எதற்கு எழுத வேண்டும் என்பதற்கான காரணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புகழ் ஆசையைப் பார்த்து நீங்கள் குழம்பிப் போகிறீர்கள்.

அதற்காகப் புகழ் ஆசையைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம். உங்கள் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒருவர் இதைப் பற்றி மிக நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அவருடைய அம்மா வளர்ந்தது மோல்மேனில்தான். அம்மாவின் குடும்பம் அங்கே தேக்கு வியாபாரம் செய்த குடும்பம். ஆர்வெல் 1922-ல், 19 வயதில், போலீஸ் அதிகாரியாகப் பர்மாவுக்கு வந்து 1927 வரை இருந்தார். மோல்மேன், இன்செய்ன், கத்தா என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். பிற்பாடு 1946-ல், தான் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். பிழைப்புக்காக எழுதுவதை ஒதுக்கிவிட்டால் எழுதுவதற்கு நான்கு உந்துதல்கள் என்கிறார் அதில். முதலில் தன்முனைப்பு: கெட்டிக்காரன் என்று பேர் வாங்க வேண்டும், நாலு பேர் நம்மைப் பற்றிப் பேச வேண்டும், செத்த பிறகும் நினைக்க வேண்டும் என்ற ஆசை. அப்புறம் அழகின் மேல் ஈடுபாடு. மூன்றாவது, நடந்ததை நடந்தபடி கண்டுபிடித்துப் பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போகும் விருப்பம். நான்காவது, உலகம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் ஒரு கருத்து.

தன்முனைப்பை அவர் முதல் இடத்தில் வைத்தது எனக்குப் பிடிக்கும். அது தனக்கு இல்லை என்று சொல்கிற எழுத்தாளரை நான் நம்புவதில்லை. நான்கும் எல்லாரிடமும் இருக்கின்றன, அளவுதான் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறுகிறது. அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: ஐந்தாறு வயதிலேயே எழுத்தாளன் ஆவேன் என்று அவருக்குத் தெரியும், ஆனால் 17 வயதிலிருந்து 24 வயதுவரை அந்த எண்ணத்தைக் கைவிடப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பர்மாவில் இருந்த காலம் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. எழுத்து வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த அந்த வருஷங்களில் பார்த்ததுதான் அவருடைய முதல் நாவலுக்கு விஷயம் ஆனது. உங்கள் நாவல் சில பக்கங்களோடு நிற்பதை வைத்து நீங்கள் எழுத்தாளன் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எழுதாத காலத்திலும் கண்ணும் காதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது பர்மாவில் மிஞ்சிய தமிழர்களுக்கு, அந்த மூன்றாவது உந்துதல் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கனமானது. ஏன் என்று உங்கள் கதையை வைத்தே காட்டுகிறேன்.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-ல். மோல்மேன் 1942 ஜனவரி 31-ல் ஜப்பானியர் கைக்குப் போனது. ரங்கூன் மார்ச் 8-ல். அந்தச் சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மற்றவர்கள் டவுங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல ஆயிரம் பேர் செத்தார்கள். இது ஓரளவு எழுதப்பட்ட வரலாறு. ரங்கூனில் தமிழ் இதழ் நடத்திய எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மாவே மனைவி மங்களத்தோடு நடந்து போய், அந்தப் பயணத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் குடும்பக் கதையை இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். மோல்மேன் ஜனவரி கடைசியில் விழுந்துவிட்டது என்றால் உங்கள் கொள்ளுத்தாத்தா எப்போது கிளம்பினார்? அதற்கு முன்பே என்றால், அப்போது ரங்கூனிலிருந்து கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. கப்பலில் இடம் கிடைக்காமல் நடந்தாரா, கையில் காசு இல்லையா, அல்லது ரங்கூனில் யாரையாவது தேடிக்கொண்டு நின்று நாளைக் கடத்திவிட்டாரா? ஜப்பானியர் வந்த பிறகுதான் கிளம்பினார் என்றால், படைகள் நிற்கிற பாதையில் எப்படி வடக்கே போனார்? வீட்டில் எல்லாரும் சொல்கிற "நடந்தே போனார்" என்ற வாக்கியத்துக்குள் இத்தனை கேள்விகள் இருக்கின்றன.

தங்கியவரின் கதை இன்னும் ஆழமானது. போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டார்கள், சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. 415 கிலோமீட்டர் நீளம், 1943 அக்டோபரில் முடிந்தது. அதன் பர்மா முனை தன்பியூசயாட், உங்கள் ஊருக்குத் தெற்கே பக்கத்தில்தான். அந்தப் பாதையில் வேலை செய்ய மலாயா தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். மிகப் பெரும் எண்ணிக்கையில் செத்தார்கள். அப்படியானால், புருஷன் போய்விட்ட ஒரு தமிழ்ப் பெண், கைக்குழந்தையோடு மோல்மேனில் இருந்தவர், அந்த மனிதர்களில் யாரையாவது பார்த்தாரா? அவர்கள் பேசிய தமிழைக் கேட்டாரா? ஓடி வந்த எவருக்காவது சோறு போட்டாரா, அல்லது பயந்து கதவைச் சாத்திக்கொண்டாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்ற நிலை உங்களுக்கு வந்தால், எழுத்துக்கு வேண்டிய மனநிலை எது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

என்னைப் பொறுத்தவரை எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது தீராத விசாரணை மனம். மொழித்திறன், கற்பனை எல்லாம் அதற்குப் பிறகு. நடந்து போனவர்களில் சிலராவது எழுதினார்கள். தங்கியவர்களைப் பற்றித் தமிழில் இருப்பது மிகக் கொஞ்சம். அவர்களுடைய பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் பாட்டியும் அவர்களில் ஒருவர். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள் என்று சொல்வதற்கு இந்த விஷயத்தில் ஆளே இல்லை. எதற்கு எழுத வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு நான் முழு மனதோடு சொல்லக்கூடிய பதில் இதுதான்.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். வராது. தமிழ்நாட்டிலேயே எழுத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. பர்மிய எழுத்தாளர்களிலும் ஆசிரியர், மருத்துவர், வியாபாரி என்று வேறு வேலை பார்க்கிறவர்கள் நிறைய. வேலையை விடாதீர்கள். வீட்டில் சிரிப்பவர்களிடம் வாதாடாதீர்கள், அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது.

படிக்க ஆளில்லை என்பதற்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த நிலை தானாக வந்ததில்லை. 1930-களில் ரங்கூன் தமிழ் அச்சுக்குப் பெரிய ஊர். பத்திரிகைகள் நடந்தன, புத்தகங்கள் வந்தன. சாமிநாத சர்மா 1932-ல் ரங்கூனுக்கு வந்தார். 1937-லிருந்து போர் வரும்வரை 'ஜோதி' என்ற மாத இதழை நடத்தினார். ஐரோப்பாவில் நடப்பது, சீனாவில் நடப்பது, அரசியல் தத்துவம் எல்லாவற்றையும் எளிய தமிழில் விளக்கிச் சொன்னார். எழுத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு உந்துதல் உண்டு, ஆர்வெலின் பட்டியலில் அது தனியாக இல்லை: 'எனக்குப் புரிந்தது என் ஆட்களுக்கும் புரிய வேண்டும்' என்ற தவிப்பு. கிளார்க்குகளும் கடைக்காரர்களும் படிக்கும் ஒரு தமிழ் இதழில் உலக அரசியலைப் பேசலாம் என்று அவர் நம்பினார். வாசகரை அவ்வளவு மதித்தார். எழுத்தாளரின் மனநிலை என்று நீங்கள் கேட்டதில் இந்த மதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் போர், ஓட்டம். 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளையும் வியாபாரங்களையும் அரசு எடுத்துக்கொண்டது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து தனியார் பள்ளிகள் அரசுடைமையாகின. தமிழ்ப் பள்ளிகள் போன பிறகு புதிதாகத் தமிழ் படிக்கும் தலைமுறை எங்கிருந்து வரும்? தமிழ்ப் பத்திரிகைகளும் 1960-களின் நடுவில் நின்றுபோயின. இன்று நம் வீடுகளில் தமிழில் பேசுகிறவர்கள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோயில் மண்டபங்களில் கற்றுக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள், அ, ஆ-விலிருந்து மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே நீங்கள் எந்த மொழியில் எழுதுவது என்பது நிஜமான கேள்வி. நான் ரங்கூனில் இருந்துகொண்டு கதைகளைப் பர்மிய மொழியிலும் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதுகிறேன். இதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் கிடையாது. பர்மிய மொழியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை எழுதினால், நம் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார். நம்மைப் பற்றி அவருக்குத் தெரிந்தது தீமிதி, காவடி, பிரியாணிக் கடை. அதற்கு மேல் தெரிய வேண்டாமா? தமிழில் எழுதினால் வேறு வாசகர்கள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறார்கள். தாத்தா பேசிக்கொண்டே இருந்த மோல்மேன் எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் அவர்கள். முன்பு அவர்களைச் சென்றடைய வழியே இல்லை. இப்போது ஒரு போன் போதும்.

உங்கள் கடிதத்தின் தமிழ் கரடுமுரடாக இருக்கிறது, பர்மிய வாக்கிய அமைப்பு இடையில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது. நாவலில் பாட்டி பேசும் இடங்களைத் தமிழில்தான் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. விவரிக்கும் பகுதிகள் பர்மிய மொழியில் வேகமாக வருகிறதென்றால் முதல் வரைவை அப்படியே எழுதிவிடுங்கள். இரண்டு மொழியும் கலந்து கிடக்கட்டும். சென்னையில் பேசுகிற மாதிரியோ பழைய நாவல்களில் இருக்கிற மாதிரியோ உங்கள் பாட்டியைப் பேச வைக்க மட்டும் வேண்டாம். பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸை அவர் 'மொகிங்கா' என்றால் மொகிங்காதான்.

இனி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிற விஷயம். "நம் இனம் பட்ட துயரத்தை உலகுக்குச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். துயரம் உண்மை. சொல்ல வேண்டியதும் உண்மை. ஆனால் நாவல் எழுதுகிறவர் தன் இனத்துக்கு வக்கீலாக நின்றால் பாதிக் கதை அவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

கீழ்ப் பர்மாவின் நிலக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டியார் கடைகளின் கடன் இல்லாமல் இராவதி டெல்டா அவ்வளவு பெரிய நெல் வயலாக மாறியிருக்காது. அது அவர்களுடைய உழைப்பு, துணிச்சல். 1930 வாக்கில் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937 வாக்கில் அது 25 பங்கு. அவர்களில் பலர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கொடுத்த பணம் திரும்பாததால் வந்து சேர்ந்த நிலம் அது. ஆனால் தாத்தா காடு வெட்டித் திருத்திய வயலில் கூலியாக நிற்க வேண்டி வந்த பர்மிய விவசாயிக்கு இந்த விளக்கம் எதற்கு ஆகும்? 1930 டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்ததற்குப் பின்னால் வரிச்சுமையோடு இந்தக் கடன் சுமையும் இருந்தது. இன்னொரு பக்கம், அதே வயல்களில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்து நாற்று நட்ட தமிழ்க் கூலிகள். அவர்களுக்கும் செட்டியாருக்கும் ஒரே மொழி என்பதைத் தவிரப் பொதுவாக என்ன இருந்தது? இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தபோது அடி விழுந்தது பெரும்பாலும் கூலிகள் மேல்தான்.

இதில் எந்த ஒருவர் பக்கம் மட்டும் நின்று எழுதினாலும் அது துண்டுப் பிரசுரம் ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் நம்மை 'கலா' (இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்று கூப்பிட்டபோது நமக்கு வலித்தது. எழுதுங்கள், ஒளிவு மறைவில்லாமல் எழுதுங்கள். அதே நாளில் சாப்பாட்டு நேரத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் பர்மியரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தப் போர்க்காலத்தில் யார் தயவில் பிழைத்தார்? அக்கம்பக்கத்து மோன் இனக் குடும்பமா, பர்மியக் குடும்பமா? ஒருவேளை பாட்டி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவது அந்தக் கேள்விக்குப் பயந்துதானோ என்னவோ. அப்படி ஒரு உண்மை கிடைத்தால், அது கோயில் கமிட்டிக்குப் பிடிக்காது, சொந்தக்காரர்களுக்கும் பிடிக்காது. அதைப் பத்திரமாக எழுதி வைப்பதா, வெளியிடுவதா, எப்போது வெளியிடுவது என்பது வேறு விஷயம். ஆனால் எழுதும்போது கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

ஆர்வெலை மறுபடி இழுக்கிறேன், இந்த இடத்துக்கு அவர் வேண்டும். மோல்மேனில் யானை சுடுவதைப் பற்றி 1936-ல் அவர் எழுதியதில், வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒருவன் கூட்டத்தின் முன்னால் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அந்த யானையைக் கொல்கிறான். எந்த ஆட்சியிடம் சம்பளம் வாங்கினாரோ அந்த ஆட்சியின் வெட்கக்கேட்டை, அதிலும் 'நான்' என்று சொல்லி எழுதினார். பர்மியர்கள் மேல் தனக்கு இருந்த எரிச்சலையும் அதில் மறைக்கவில்லை. அவர் பார்வையில் குறைகள் உண்டு, அவருடைய பர்மா எழுத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் பின்னணியில் மங்கலாகத்தான் வருகிறார்கள். அந்த மங்கலைப் போக்க வேண்டியது நாம்.

சுற்றியிருப்பவர்கள் கதையைக் கேட்டு எழுதுவதற்கு இந்த நாட்டிலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. மாண்டலேயின் லூடு ஊ ஹ்லா. பத்திரிகையாசிரியர். 1950-களில் ரங்கூன் சிறையில் அடைக்கப்பட்டார். வேறொருவர் என்றால் தன் சிறை அனுபவத்தை எழுதியிருப்பார். அவர் உடன் இருந்த கைதிகளிடம் உட்கார்ந்து, அவரவர் வாழ்க்கையை அவரவர் வாயால் கேட்டு, அவர்களே சொல்வது போல எழுதினார். திருடர்கள், கொலை செய்தவர்கள், சூழ்நிலையால் தவறியவர்கள். நீதி சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு நாட்டின் பல இனத்தவருடைய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுதி தொகுதியாகச் சேகரித்தார். அவர் மனைவி டோ அமார் 1915-ல் பிறந்து 2008-ல் இறந்தவர், முதுமையிலும் எழுதிக்கொண்டே இருந்தவர். மனிதர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது அந்தத் தம்பதிக்கு வேலை, வாழ்க்கை இரண்டுமாக இருந்தது. பர்மிய மொழி உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பது இங்கே பெரிய செல்வம். ரங்கூனுக்கு வந்தால் 37-ஆம் வீதி, பன்சொடான் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் ஊ ஹ்லாவின் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள்.

இந்த நாட்டில் எழுத்தாளருக்கு மரியாதை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 'சயா', அதாவது ஆசான், என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். பர்மிய நாட்காட்டியில் நதோ மாதம் பிறந்தால் எழுத்தாளர் தினம். நல்ல காலங்களில் சிற்றூர்கள்கூட எழுத்தாளர்களை வரவழைத்து இரவில் இலக்கியச் சொற்பொழிவு நடத்தும், ஜனங்கள் பாயை விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்த மரியாதைக்குக் காரணம் எழுத்துக்கு இங்கே கொடுக்கப்பட்ட விலை. 1960-களிலிருந்து 2012 ஆகஸ்ட் வரை எல்லாப் புத்தகமும் இதழும் தணிக்கைக்குப் போய்த்தான் வெளியே வரும். பிடிக்காத பக்கத்தைக் கிழித்து எடுக்கச் சொல்வார்கள், பிடிக்காத வரிமேல் வெள்ளி மை பூசச் சொல்வார்கள். எழுத்தாளர்கள் மறைபொருளாகச் சொல்லப் பழகினார்கள், வாசகர்கள் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த 2021-ல் கே ஸா வின் என்ற கவிஞர் மார்ச் மாதம் மொன்யுவாவில் சுடப்பட்டு இறந்தார். மே மாதம் கெட் தி என்ற கவிஞர் காவலில் எடுக்கப்பட்டு உயிரில்லாமல் திரும்பினார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் எழுதுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை என்பது நினைவில் இருக்கட்டும். தைரியம் வேண்டும், அதோடு நிதானமும் வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர், ஊர், வேலை ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். ஆர்வெலின் பர்மா நாவலே 1934-ல் முதலில் அமெரிக்காவில்தான் வந்தது. அவதூறு வழக்கு வரும் என்று இங்கிலாந்துப் பதிப்பாளர் பயந்தார், அடுத்த வருஷம் பெயர்களை மாற்றிய பிறகுதான் அங்கே வெளியிட்டார். உங்களுக்குக் கதை சொன்ன யாருக்கும் உங்கள் எழுத்தால் தொல்லை வரக்கூடாது. இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள மனது இல்லையென்றால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் எனக்கு அந்த எழுத்தின் மேல் மதிப்பு வராது.

அன்றாட வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனநிலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரை மணி நேரம் என்றாலும் தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். மின்சாரம் எப்போது இருக்கும் என்று தெரியாத ஊரில் நோட்டும் பேனாவும்தான் நம்பகமானவை. முதல் வரைவு மோசமாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். சமையலில் உப்பைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியையும் உடனே ருசி பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கமும் நகராது. ஓர் அத்தியாயம் முடியும்வரை திரும்பிப் படிக்காதீர்கள். படிப்பது எழுதுவதைவிட அதிக நேரம் எடுக்கட்டும், இரண்டு மொழியிலும். பொறாமை வரும், சக வயதுக்காரன் ஒருவன் கவிதை வெளிவந்தால் தூக்கம் வராது. அதுவும் வந்துவிட்டுப் போகும், அடுத்த நாள் காலையில் நோட்டைத் திறந்தால் போதும்.

விமர்சனத்தில் ஒன்றே ஒன்று. "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்பவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை", "இவன் இப்படிச் செய்திருக்க மாட்டான்" என்று சொல்கிற ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அவர் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. படகோட்டியாக இருக்கலாம், மீன் விற்கிறவராக இருக்கலாம்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பது என் எண்ணம். பாட்டியிடம் நேராகப் போய் "ஏன் போகவில்லை" என்று இனிமேல் கேட்காதீர்கள், பல வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள். எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டுங்கள். அவர் அம்மா எந்தத் தெருவில் குடியிருந்தார், வீட்டுக்கு எதிரே என்ன இருந்தது, அரிசி எங்கே வாங்கினார் என்று நீங்கள் கற்பனையில் எழுதியதையெல்லாம் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். கதையைத் தப்பாகச் சொன்னால் வயதானவர்களுக்குப் பொறுக்காது. "அப்படி இல்லடா" என்று அவர் நடுவில் குறுக்கிட்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்வதென்றால் முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதித்தால் செய்யுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். மறுபடி எழுந்து அடுப்புப் பக்கம் போனால், அடுப்படியில் உட்கார்ந்து வாசியுங்கள்.